கதவுக் கண்ணாடியில் மஞ்சள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். போலந்தின் கிராக்கோவ் நகரத்தில் சின்ன அறைகளைப் படம் எடுத்துப் பிழைக்கிற யாருக்கும் வராமல் இருக்காது. பதினெட்டு சதுர மீட்டருக்குள் கட்டில், அடுப்பு, மேஜை, குளியலறை எல்லாவற்றையும் திணித்து வைத்துவிட்டு, "பானி போக்னா, பாக்கிறவங்களுக்குப் பெருசாத் தெரியணும்" என்பார்கள் (போக்னா நான்; பெண்ணுக்கு "பானி", ஆணுக்கு "பான்" என்பது இங்கே மரியாதை). தெரிய வைக்கலாம். என் உயிரை வாங்குவது விளக்குகள்தான். ஜன்னலில் வருவது நீலம். கட்டில் பக்கத்துக் குண்டு பல்பு ஆரஞ்சு. அடுப்புக்கு மேலே இருக்கிற டியூப் லைட் பச்சை. நம் கண் இதையெல்லாம் கலந்து பொதுவாக வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். கேமராவுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. ஒரு சுவர் காமாலை வந்த மாதிரியும், பக்கத்துச் சுவர் நீலம் பாரித்த மாதிரியும் இருக்கும்.

அதனால் நான் செய்வது இது. கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் பூட்டுவேன். ஜன்னல் திரையை இழுத்து மூடி, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கை மட்டும் போட்டு ஒரு படம் எடுப்பேன். அதை அணைத்துவிட்டு அடுத்த விளக்குக்கு அடுத்த படம். கடைசியில் திரையைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்துக்கு ஒன்று. வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றின் நிறத்தையும் தனித்தனியாகச் சரிசெய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அறை கழுவி விட்டதுபோல வரும். இதற்கு ஒரே ஒரு விதிதான். நான் போடாத எந்த வெளிச்சமும் அறைக்குள் இருக்கக்கூடாது. இருந்தால் கத்துவேன். அது எல்லாருக்கும் தெரியும்.

செவெரினுக்கும் தெரியும். விஸ்துலா ஆற்றுக்குத் தெற்கே பழைய கட்டடங்களில் ஒன்பது சின்ன வீடுகளை வாங்கி, சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறவன் அவன். முப்பத்து நாலு வயது. பனி கொட்டும்போதும் கணுக்கால் தெரிகிற மாதிரி பேன்ட் போடுவான். பேச ஆரம்பித்தால் நடுவில் மூச்சு விடமாட்டான். அவனுடைய ஒன்பது வீட்டையும் நான்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் மூன்றாம் நம்பர் வீட்டுக்குப் போனேன். நாலாவது மாடி, முற்றத்தைப் பார்த்த ஒரே ஜன்னல். குளியலறைக்கு ஜன்னலே இல்லை. அதற்குள் ஒரு தொட்டி, வாஷிங் மெஷின், சுவரில் பழைய கேஸ் கீசர். குழாயைத் திறந்தால் கீசரின் வயிற்றில் நெருப்பு பிடித்துக்கொள்ளும். கூரைக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கை அகலத்தில் பிளாஸ்டிக் வலை போட்ட காற்றுத் துளை. எத்தனை வருஷத்துப் பிசுக்கோ, கறுத்துப் போயிருந்தது.

"பானி போக்னா, அந்தக் கருமத்தைக் கொஞ்சம் எடுத்துடுங்களேன்," என்றான் செவெரின்.

"எதை?"

"மேல, அந்த ஓட்டைய. குளிக்கிற எடத்துல எலிப்பொந்து மாதிரி. பாக்கிறவன் அடுத்த வீட்டுக்குப் போயிருவான்."

"அது காத்து போற வழி, பான் செவெரின்."

"நிஜத்துல இருந்துட்டுப் போகட்டும். படத்துல எதுக்கு?"

நியாயமாகத்தான் பட்டது. நான் எடுத்துத் தள்ளாததா? மீட்டர் பெட்டி, துருப்பிடித்த குழாய், ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே இருந்த ஒரு கல்லறைத் தோட்டம். அன்று சாயங்காலம் நாலே நிமிஷத்தில் அந்தத் துளையைச் சுவரோடு சுவராக்கினேன். அவன் கேட்காமலே தொட்டி ஓரத்துக் கறையையும் எடுத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே தொல்லை வேறு. நான் இருட்டுப் படம் எடுக்கும்போது செவெரின் உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தான். குளியலறைக் கதவின் மேல்பாதி மங்கலான கண்ணாடி. கீசர் நெருப்பின் நீலம் அந்தக் கண்ணாடியில் விழுந்து, படத்தில் ஒரு திட்டாக நின்றது. அதைத் துடைத்தெடுக்க நாலு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அவனை மனசுக்குள் திட்டிக்கொண்டே துடைத்தேன்.

டிசம்பரில் மறுபடி கூப்பிட்டான். கிறிஸ்துமஸ் அலங்காரத்தோடு புதுப் படம் வேண்டுமாம்.

நான் போனபோது யாரினா அங்கே இருந்தாள். ஒன்பது வீட்டையும் சுத்தம் செய்கிறவள் அவள்தான். உக்ரைனிலிருந்து வந்து ஏழு வருஷம் ஆகிறது. என்னைவிட நாலு வயது பெரியவள். ஆனாலும் இந்த ஊரில் துடைப்பம் பிடிக்கிறவளை "நீ" என்றுதான் கூப்பிடுகிறோம், நானும் அப்படித்தான். அவள் எங்களை "பானி", "பான்" என்று மரியாதையாகக் கூப்பிடுவாள்.

"வாங்க பானி. இன்னைக்கு எந்தத் தூசியோட சண்டை?" என்றாள்.

"முதல்ல உன் மூஞ்சியோட. என்ன இப்படி வெளிறிக் கெடக்கு?"

"தலைவலி. ரெண்டு வாரமா இந்த வீட்டுக்கு வந்தா மட்டும் வருது. மத்த எட்டு வீட்டுல ஒண்ணுமில்ல. இங்க முதலாளி அடிக்கடி வர்றார்ல, அதனால இருக்கும்."

இரண்டு பேரும் சிரித்தோம். செவெரின் குளியலறைக்குள்ளிருந்து, "நான் இங்கதான் இருக்கேன்!" என்று கத்தினான். அதற்கும் சிரித்தோம். பிறகு என்னைக் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே இழுத்துப் போனான்.

"பாருங்க," என்றான். "எப்படி?"

கூரைக்குக் கீழே சுவர் வழவழவென்று வெள்ளையாக இருந்தது. துளை இல்லை.

"போன மாசம் இங்க தங்கின ஒரு ஜெர்மன்காரி நெட்ல எழுதிட்டா. 'படத்துல இல்லாத ஓட்டை ரூம்ல இருக்கு, அது வழியாக் குளிர்காத்து வருது, ஏமாத்திட்டாங்க'ன்னு. ஒரு நட்சத்திரம் போச்சு பானி போக்னா! மறுநாளே மேஸ்திரியக் கூப்பிட்டேன். போன்ல உங்க படத்தக் காட்டி, 'எனக்கு இப்படியே வேணும்'னேன். பாருங்க, அச்சு அசல் உங்க படம்!"

அதை மூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த நாட்டில் குளிர்காலம் வந்தால் வாரத்துக்கு ஒரு செய்தி. கீசர் இருந்த குளியலறை, அடைத்த ஜன்னல், வாசனையே இல்லாத விஷப்புகை, உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. தீயணைப்புக்காரர்கள் டிராம் வண்டியில் எல்லாம் படம் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"கீசர் இருக்கிற எடத்துல இத மூடக்கூடாது, பான் செவெரின்."

"கீசர் புகை போறதுக்குத் தனிக் குழா இருக்கே. புகைபோக்கியச் சோதிக்கிற சிம்னிக்காரர் வந்து பாத்து, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காரு."

"எப்போ?"

"போன வருஷம்."

"அப்போ ஓட்டை இருந்துச்சு."

அவன் முகம் சுண்டிவிட்டது. "பானி போக்னா, நீங்க படம் எடுக்க வந்தீங்களா, சோதனை போட வந்தீங்களா? ஜனவரிக்கு அப்புறமும் அத்தன வீட்டுக்கும் உங்களையே வெச்சுக்கலாம்னு இருக்கேன். எதுக்குப் போயி…"

அங்கேயே ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரினாவைக் கூப்பிட்டு, "இந்தக் குழாயைத் திறக்காதே, உன் தலைவலிக்கு இதுதான் காரணம்" என்று சொல்லியாவது இருக்க வேண்டும். அவள் இரண்டு வாரத் தலைவலி என்று சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. டிசம்பரில் மூன்று மணிக்கே வெளிச்சம் போய்விடும் என்று என் புத்தி அதையே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு ஸ்டாண்டை விரித்தேன். இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

செவெரின் காப்பி குடிக்கப் போய்விட்டான். நான் குளியலறைக்குள் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்தேன்.

"யாரினா, இதென்ன கோடு கோடா? படத்துல அப்படியே விழும்."

"ரெண்டு தடவ தொடச்சாச்சு பானி. வெந்நீர் விட்டுக் கழுவினாத்தான் போகும்."

"அப்போ கழுவு. டைல்ஸ் இடுக்கையும் தேச்சுடு, கறுப்பாத் தெரியுது. ஆனா கதவச் சாத்திக்கோ. ஆவி இந்தப் பக்கம் வந்தா என் லென்ஸ் பனிச்சுப் போயிரும்."

"சரிங்க மகாராணி," என்று வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய்ச் சத்தம் கேட்டது. கீசர் குப்பென்று பற்றிக்கொண்ட சத்தமும் கேட்டது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. இங்கே குளியலறைக் கதவுகளின் அடியில் நாலைந்து வட்டத் துளைகள் இருக்கும், காற்று உள்ளே போக. அந்தத் துளைகள் வழியாக வெளிச்சம் கசிந்து பளபளக்கிற தரையில் காசு காசாக விழும். எனக்குப் பிடிக்காது. பையிலிருந்து கறுப்புத் துணியை எடுத்துச் சுருட்டி, அந்தத் துளைகளையும் கதவிடுக்கையும் அடைத்தேன். எப்போதும் செய்வதுதான். திரை அசையக்கூடாது என்று ஜன்னலை இறுக்கிச் சாத்தினேன். அது புது பிளாஸ்டிக் ஜன்னல். ஓர் ஊசிக் காற்றுகூட வராது.

"யாரினா! லைட்ட அணை!"

கதவுக்குப் பின்னால் சொடுக்குச் சத்தம். "அணைச்சாச்சு. இருட்டுல எதத் தேய்க்கிறது?"

"கையால தடவிப் பாத்துத் தேயி!"

"என் புருஷன் மாதிரியே பேசுறீங்க!"

கட்டில் விளக்குக்கு ஒரு படம். டியூப் லைட்டுக்கு ஒரு படம். இரண்டும் பிரகாசமான விளக்கு, கேமரா கொஞ்சம் திறந்தாலே போதும், கதவுக் கண்ணாடியில் ஒன்றும் விழவில்லை. நடுவில் அவளை லைட் போட்டுக்கொள்ளச் சொன்னேன். பிறகு செவெரின் வாங்கி வைத்திருந்த கிறிஸ்துமஸ் விளக்குச் சரம். அது சனியன். நிற்காமல் மினுக்கியது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் வேறு விதமாக மினுக்கியது. கீழே உட்கார்ந்து அதனோடு மல்லுக்கட்டியதில் அரைமணி நேரத்துக்கு மேல் போயிற்று. முதலில் உள்ளே பிரஷ் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, யாரினா ஏதோ முணுமுணுத்துப் பாடுவதும். எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

சரம் ஒருவழியாக நிலையாக எரிந்தது. எனக்குத் தலை கனத்தது. கோபத்தினால் என்று நினைத்தேன்.

"யாரினா, மறுபடி லைட்ட அணை!"

கொஞ்சம் பொறுத்துச் சொடுக்குச் சத்தம் கேட்டது. பதில் இல்லை. படத்தை எடுத்தேன். இருட்டு அறை என்பதால் இருபது வினாடி கேமரா திறந்திருக்க வேண்டும். முடிந்ததும் திரையில் பார்த்தேன். குளியலறைக் கதவுக் கண்ணாடியில் வெளிச்சம் விழுந்திருந்தது.

எனக்கு வந்ததே ஒரு கோபம்.

"என்ன, டார்ச் போட்டுக்கிட்டியா? ஒரு வெளிச்சமும் வேணாம்னு சொன்னேன்ல! அணைச்சுத் தொலை!"

பதில் இல்லை. வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறாள், கண்ணாடியைக் குறை சொன்னதற்கு முறுக்கிக்கொண்டு இருக்கிறாள் என்று நினைத்தேன். இன்னொரு படம் எடுத்தேன். அதே வெளிச்சம்.

"காது கேக்குதா இல்லையா? உனக்குச் சொன்னாப் புரியாதா? ரெண்டு நிமிஷம் இருட்டுல நிக்க முடியலையா உன்னால? அணை!"

மறுபடி எடுத்தேன். மறுபடி விழுந்திருந்தது. எந்த வெளிச்சம் என்று பார்த்து, அதைச் சொல்லியே அவளை வெளுத்துவிடலாம் என்று திரையில் பெரிதாக்கினேன். மூன்று படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்றிலும் திட்டின் விளிம்பு ஒரே மாதிரி இல்லை, ஆடியிருந்தது. நிறம் மஞ்சள். நல்ல அழுக்கு மஞ்சள்.

இருபது வருஷமாக எனக்கு இது ஒன்றுதான் தெரியும். எந்த நிறம் எந்த விளக்குக்குச் சொந்தம் என்பது. உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே இருப்பது எல்இடி, சுத்த வெள்ளை. செல்போன் டார்ச் போட்டால் நீலம் கலந்த வெள்ளை. அந்தக் கதவுக்குப் பின்னால் மஞ்சளுக்குச் சொந்தமான விளக்கே கிடையாது. ஆடுகிற வெளிச்சம் என்று பார்த்தால் அங்கே இருந்தது ஒன்றுதான், கீசர் நெருப்பு. அக்டோபரில் இதே கதவுக் கண்ணாடியில் அது நீலமாக விழுந்தது. நான்தான் திட்டிக்கொண்டே துடைத்தேன். காற்றுக் கிடைத்தால் கேஸ் நீலமாக எரியும். கிடைக்காவிட்டால்தான் மஞ்சள்.

ஸ்டாண்டு கீழே விழுந்தது. கதவை இழுத்தேன். என் கறுப்புத் துணி அடியில் சிக்கிக்கொண்டு பாதியில் நிறுத்தியது. காலால் எட்டி உதைத்து, மறுபடி இழுத்துத் திறந்தேன்.

யாரினா வாஷிங் மெஷினில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் துணி. தலைக்கு மேலே சுவரில் லைட் சுவிட்ச். அணைத்துவிட்டு அப்படியே சரிந்திருக்கிறாள். உதடு அவளுடையதாகவே இல்லை, சாயம் பூசியதுபோலச் சிவந்திருந்தது. கீசரின் சின்ன ஜன்னலுக்குள் மஞ்சள் நாக்குகள் சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு குழாயை மூடினேன். நெருப்பு அணைந்தது. அவள் அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். இந்தப் பெண் இவ்வளவு கனம் இருப்பாள் என்று நினைக்கவில்லை. மாடிப்படிக்கு இழுத்து வந்து போட்டுவிட்டு, திரும்ப உள்ளே ஓடி ஜன்னலைத் திறந்தேன். திறந்த வேகத்தில் திரை கம்பியோடு கழன்று கையில் வந்தது.

"யாரினா! யாரினா, கண்ணத் தொற! ஏய், நான் சொல்றது கேக்குதா? தொறடி!"

அவளிடம் நான் அதுவரை அப்படிப் பேசியதில்லை. கன்னத்தில் தட்டினேன், தண்ணீர் தெளித்தேன், அவசர உதவிக்கு நூற்றுப் பன்னிரண்டுக்கு போன் பண்ணினேன். முகவரி சொல்லும்போது வீட்டு எண் மறந்துபோய்விட்டது. ரொம்ப நேரம் கழித்து அவள் இருமினாள். பிறகு என் மடியில் வாந்தி எடுத்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

தீயணைப்புக்காரர்கள் உள்ளே கொண்டுபோன, விஷப்புகையை அளக்கிற கருவி வாசலிலேயே அலறியது. ஜன்னல் திறந்து கால்மணி நேரம் ஆகியும் அலறியது. "இன்னும் பத்து நிமிஷம் இருந்திருந்தா…" என்று ஆரம்பித்த இளைஞன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். யாரினாவுக்கு ஆக்ஸிஜன் முகமூடி மாட்டிக் கீழே தூக்கிப் போனார்கள். கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. கேஸை மூடிவிட்டு, சிம்னிக்காரர் வந்து எழுதிக் கொடுக்காமல் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தத் தெருவின் சிம்னிக்காரர் வாலென்டி மூன்றரை மணிக்கு வந்தார். அறுபது வயது இருக்கும். கறுப்புச் சட்டை, இரண்டு வரிசைப் பொன் பொத்தான், தோளில் கம்பிச் சுருள். நாற்காலி போட்டு ஏறி, புதுச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். சுத்தியலால் ஒரு அடி. பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே பழைய பிளாஸ்டிக் வலை அப்படியே இருந்தது. மேஸ்திரி அதைக் கழற்றக்கூட இல்லை, மேலேயே பூசிவிட்டுப் போயிருக்கிறான். வாலென்டி அதைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். அக்டோபரில் நான் பார்த்த அதே பிசுக்கு.

அப்போது செவெரின் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தான். யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள். வாசலில் நின்று, உடைந்த சுவரைப் பார்த்தான், வாந்தி பட்ட என் துணியைப் பார்த்தான், வாலென்டியைப் பார்த்தான். உடனே அவன் கை தன் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது.

சிம்னிக்காரரைக் கண்டால் பொத்தானைப் பிடித்து ஒன்று வேண்டிக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். அதிர்ஷ்டம் வருமாம். தெருவில் பார்த்தால் எல்லாரும் செய்வோம், நானும் செய்வேன். ஆனால் அங்கே, அந்த வாசலில், அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போன படியில் நின்றுகொண்டு இவன் அதிர்ஷ்டம் கேட்கிறான்.

"கைய எட்றா!" என்று கத்தினேன்.

"என்ன?"

"பொத்தான்லேர்ந்து கைய எடு! என்னடா வேண்டிக்கிற? அந்த நட்சத்திரம் திரும்பி வரணும்னா?"

அவன் கையைத் தட்டிவிட்டேன். பொத்தான் பிய்ந்து படியில் உருண்டு ஓடியது. அது கீழ்மாடி வரை உருளுகிற சத்தம் கேட்டது. அவன் வெளுத்துப்போய், "வேணும்னு செய்யலையே பானி போக்னா… பழக்கம்… கை தானாப் போயிருச்சு…" என்றான். அது உண்மைதான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

வாலென்டி நாற்காலியிலிருந்து இறங்கி, மேஜையில் படிவத்தை விரித்தார். அவசரமே படவில்லை.

"இத மூடினது யாரு?"

"மேஸ்திரி," என்றான் செவெரின்.

"மேஸ்திரி தானா வந்து மூடமாட்டான். மூடச் சொன்னது யாரு?"

"நான்… ஆனா ஐயா, முதல்ல இவங்கதான்! இவங்க படத்துலதான் முதல்ல இந்த ஓட்டை இல்லாமப் போச்சு. அந்தப் படத்தப் பாத்துத்தான் நான் மூடச் சொன்னேன். இவங்க எடுக்காம இருந்திருந்தா எனக்கு அந்த நெனப்பே வந்திருக்காது. கேளுங்க, இல்லைன்னு சொல்லட்டும்!"

வாலென்டி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எடுக்கச் சொன்னதே நீதானே என்று அவன் சட்டையைப் பிடித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் காலடியில் என் கறுப்புத் துணி கிடந்தது, கதவின் அடியிலிருந்து பிய்த்து எறிந்தபோது சுருண்ட சுருளாகவே. அதை அவனும் பார்க்கவில்லை, வாலென்டியும் பார்க்கவில்லை. குனிந்து எடுத்து மேஜையில் வைத்தேன்.

"மேல இருக்கிறத மூடச் சொன்னது அவரு," என்றேன். "கதவுக்குக் கீழ இருக்கிற ஓட்டைங்கள அடைச்சது நான். இதாலதான். உள்ள போயிக் கதவச் சாத்திக்கோன்னு சொன்னதும் நான். எழுதிக்குங்க."

"இந்தக் கட்டத்துல ஒரு பேருக்குத்தான் எடம் இருக்கும்மா."

"ஓரத்துல எழுதுங்க."

அவர் பேனாவை என்னிடமே கொடுத்தார். எழுதினேன். முழுப் பெயரும் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். செவெரின் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான், வக்கீல், இன்சூரன்ஸ் என்று. நான் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து யாரினா போன் பண்ணினாள். குரல் கம்மியிருந்தது. எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்பதற்குள் அவசர அவசரமாகப் பேசினாள், இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்த மாதிரி.

"பானி, நீங்க கத்தினது எனக்குக் கேட்டுச்சு. பதில் சொல்ல வாய் வரல. ஆனா நான் லைட்ட அணைச்சுட்டேன் பானி. சத்தியமா. டார்ச்சும் போடல. ஒண்ணுமே போடல. முதலாளிகிட்ட என்னச் சொல்லிடாதீங்க."



"அணைச்சீங்க யாரினா," என்றேன். "நீங்க அணைச்சுட்டீங்க. நான் பாத்தேன்."

"என்ன பானி, திடீர்னு 'நீங்க'ங்கிறீங்க?" என்று கேட்டாள். "அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

"நேர்ல வந்து சொல்றேன்," என்றேன். கோட்டை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.